ஃபோர்ட்ரியு வடக்கே நகர்ந்த ஆண்டு

2006ஆம் ஆண்டு இலையுதிர் காலம். நூலகத்தில் புதிதாக வந்த ஆய்விதழ்களை அடுக்கும் அலமாரிக்கு முன்னால் நின்றபடியே ஒரு கட்டுரையைப் படித்து முடித்தேன். உட்கார்ந்து படிக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. என் முனைவர் பட்ட ஆய்வு அப்போது நான்காம் ஆண்டில் நுழைந்திருந்தது. ஐந்து இயல்களில் மூன்றை எழுதி முடித்திருந்தேன். அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இரண்டாம் இயல். கட்டுரையின் கடைசிப் பக்கத்தை மூடியபோது அந்த இயலுக்குக் கால் ஊன்ற நிலம் இல்லை.

நிலம் என்பதை உவமையாகச் சொல்லவில்லை. ஆரம்ப இடைக்காலத்தில் ஸ்காட்லாந்தின் வடக்கே வாழ்ந்த பிக்டுகள் என்ற மக்களின் அரசுகளில் மிகவும் வலிமை பெற்றிருந்த ஃபோர்ட்ரியு எங்கே இருந்தது என்பதுதான் கேள்வி. 19ஆம் நூற்றாண்டிலிருந்து அது ஸ்காட்லாந்தின் நடுப்பகுதியில், பெர்த்ஷயரின் ஸ்ட்ராதெர்ன் பள்ளத்தாக்கில் இருந்ததாகவே கைநூல்கள் சொல்லிவந்தன. செயிண்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் வுல்ஃப் அந்த ஆண்டு வெளியிட்ட கட்டுரை, மலைத்தொடரைத் தாண்டி வடக்கே, மரே வளைகுடாவை ஒட்டிய நாட்டில் அதை வைத்தது. என் இரண்டாம் இயலோ ஃபோர்ட்ரியு அரசர்களின் போர்கள், அவர்கள் சென்ற வழிகள், தேவாலயங்களுக்குச் செய்த கொடைகள் என்று எல்லாவற்றையும் ஸ்ட்ராதெர்னில் நின்றுகொண்டு விளக்கியது.

ஆரம்ப இடைக்கால ஸ்காட்லாந்தை ஆராய வர விரும்பும் மாணவர்கள் சிலர் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். என்ன படிக்க வேண்டும், வேலை கிடைக்குமா என்பவையே அவர்கள் கேள்விகள். இரண்டுக்கும் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆனால் அந்த இலையுதிர் காலத்தில் கற்றதை விட்டுவிட்டுச் சொன்னால் அது முழு விடையாகாது.

பிக்டுகள் ஃபோர்த் ஆறு கடலோடு கலக்கும் இடத்துக்கு வடக்கே வாழ்ந்தவர்கள். 297ஆம் ஆண்டைச் சேர்ந்த லத்தீன் புகழுரை ஒன்றில்தான் அவர்கள் பெயர் முதன்முதலாக வருகிறது. 900ஆம் ஆண்டை ஒட்டி, அயர்லாந்தின் ஆண்டுக்குறிப்புகள் ‘பிக்டுகளின் அரசன்’ என்று எழுதுவதை விட்டு ‘ஆல்பாவின் அரசன்’ என்று எழுதத் தொடங்குகின்றன. இடைப்பட்ட 600 ஆண்டுகளில் அவர்கள் விட்டுச்சென்றவை பிறைநிலாவும் ஒடிந்த அம்பும் கண்ணாடியும் சீப்பும் செதுக்கிய 200க்கும் மேற்பட்ட கற்கள், சில கோட்டைகள், வெள்ளிப் பொருட்கள், கோடுகளால் ஆன ஓகம் எழுத்தில் படிக்கக் கடினமான சில கல்வெட்டுகள், ஓர் அரசர் பட்டியல். தங்கள் வரலாற்றைத் தாங்களே எழுதிய நூல் ஒன்றும் நம் கைக்கு வரவில்லை. அவர்களைப் பற்றி எழுதியவர்கள் ரோமானியர்கள், ஐரிஷ் துறவிகள், தெற்கே இருந்து அவர்களோடு போரிட்ட ஆங்கிலேய அரசான நார்த்தம்பிரியாவின் துறவியான பீட். அயலார் வாய்வழியாகவே ஒரு மக்களை அறிய வேண்டியிருக்கிறது. அதனால் இந்தத் துறையில் நுழைபவருக்கு முதல் தேவை மொழிகள்.

சென்னையில் வரலாற்றில் முதுகலை முடித்து வந்தபோது எனக்கு ஒரு லத்தீன் சொல்கூடத் தெரியாது. முதல் ஆண்டு முழுவதும் காலை நேரத்தை லத்தீனுக்கே கொடுத்தேன். அது கடினம் என்றாலும் ஒழுங்கான மொழி. வேற்றுமை உருபுகளோடு வளர்ந்த நமக்கு அதன் பெயர்ச்சொற்கள் விரைவில் பழகிவிடும். பழைய ஐரிஷ் வேறு வகை. ‘தோ-பேர்’ என்றால் தருகிறான். ‘தரவில்லை’ என்று சொல்ல வேண்டுமானால் அதே வினை ‘நீ தவர்’ என்று ஆளே அடையாளம் தெரியாமல் மாறிவிடும். ஒரு சொல்லின் ஈறு அடுத்த சொல்லின் முதல் ஒலியை மாற்றுவதும் உண்டு. உடன் படித்தவர்களை அது மிகவும் அலைக்கழித்தது. வலி மிகும் இடம், மிகா இடம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருந்த எனக்கு அந்த ஓர் இடத்தில் மட்டும் சொந்த ஊருக்கு வந்தது போல இருந்தது. மொழிகளை ஆய்வு தொடங்கிய பின் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்காதீர்கள். முதல் 2 ஆண்டுகளில் கற்காததை மூன்றாம் ஆண்டில் கற்க நேரம் இருக்காது. மொழிபெயர்ப்பை நம்பி எழுதியவர்கள் நேர்முகத் தேர்வில் சிக்கும் இடமும் அதுதான்.

பழைய எழுத்துகளைப் படிக்கப் பழகுவதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பிக்டு அரசர் பட்டியலின் சிறந்த வடிவம் 14ஆம் நூற்றாண்டில் யார்க்கில் ராபர்ட் என்ற துறவிக்காக எழுதப்பட்ட தொகுப்பில் இருக்கிறது. இப்போது அது பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதில் வரும் ‘ஒனுயிஸ்ட்’ என்ற பெயரும் ஐரிஷ் ஆண்டுக்குறிப்புகளில் வரும் ‘ஓய்ங்குஸ்’ என்ற பெயரும் ஒரே மனிதரைக் குறிப்பவை. 732 முதல் 761 வரை பிக்டுகளை ஆண்ட பேரரசர் அவர். பிக்டு மொழியில் தொடங்கிய பெயர் பல கைகள் மாறி அந்த ஆங்கிலேய எழுத்தரிடம் வந்திருக்கிறது. இடையில் u என்ற எழுத்தை n என்று ஒருவர் படித்தால் போதும், புதிய அரசன் ஒருவன் பிறந்துவிடுவான். அச்சிட்ட பதிப்பில் சுத்தமாக வரிசை கட்டி நிற்கும் பெயர்கள், மூலத்தைப் பார்த்த பிறகு அவ்வளவு உறுதியாகத் தெரிவதில்லை. பயணச் செலவுக்குச் சிறு நிதியுதவி தரும் அமைப்புகள் உண்டு. ஒரு முறையாவது மூலத்தின் முன் உட்கார்ந்துவிடுங்கள்.

காலக்கணிப்பில் நான் தவறிய கதையையும் சொல்ல வேண்டும். அயர்லாந்தின் அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்புகளின் இன்றுள்ள பிரதி 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்டது. ஆரம்ப இடைக்காலப் பகுதியில் அதன் ஆண்டெண்கள் ஓர் ஆண்டு பின்தங்கியிருக்கின்றன. ஆய்வாளர்கள் ஒன்று கூட்டி எழுதுவார்கள். பழைய நூல்களில் சிலர் கூட்டியிருப்பார்கள், சிலர் கூட்டியிருக்கமாட்டார்கள். நான் இரு வகையையும் கலந்து அடிக்குறிப்பு எழுதியிருந்தேன். அரசன் ஒருவன் இறந்த மறு ஆண்டில் போருக்குப் போனான். பிழையைக் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆயிற்று.

அதைத் திருத்தும்போதுதான் கிழமையின் மதிப்பை உணர்ந்தேன். பிக்டு அரசர் பிரிதெய், நார்த்தம்பிரியா மன்னர் எக்ஃப்ரித்தைக் கொன்ற டூன் நெக்டன் போர் மே 20, சனிக்கிழமை நடந்ததாக ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. பீட் தரும் ஆண்டு 685. அந்த ஆண்டு மே 20 என்ன கிழமை என்று தாளில் கணக்கிட்டுப் பார்த்தேன்: சனி. 686ஆம் ஆண்டென்றால் அது ஞாயிறாகிவிடும். கிழமையை எழுதிவைத்த அந்த முகம் தெரியாத துறவிக்கு அன்று மனதார நன்றி சொன்னேன். ஆண்டெண் பிரதியெடுப்பில் நழுவும். தேதியும் கிழமையும் சேர்ந்து நிற்குமானால் முதலில் அதைச் சரிபாருங்கள்.

இந்தப் போர்தான் என் இரண்டாம் இயலின் நடுநாயகம். டூன் நெக்டன் என்பது ஆங்கஸ் பகுதியில் ஃபார்ஃபர் நகரத்துக்கு அருகிலுள்ள டன்னிக்கன் என்பதே அப்போது பரவலாக இருந்த கருத்து. அங்கிருந்து சிறிது தொலைவில் அபர்லெம்னோ தேவாலய முற்றத்தில் ஒரு கல் நிற்கிறது. ஒரு பக்கம் சிலுவை, மறுபக்கம் போர்க்காட்சி. தலைக்கவசம் அணிந்த குதிரைவீரர்களும் வெறுந்தலையோடு எதிர்கொள்ளும் வீரர்களும், மூலையில் விழுந்து கிடப்பவனைக் கொத்தும் பறவையும் அதில் இருக்கின்றன. 685ஆம் ஆண்டுப் போரின் நினைவே இந்தச் சிற்பம் என்று நம்பாமல் இருப்பது கடினம். ஊர்ப்பெயரும் கல்லும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. கதை தானாகவே கூடிவந்துவிட்டது.

அந்தக் கல்லை நான் முதலில் பார்க்கப் போனது ஜனவரியில். குளிர்காலத்தில் பனியும் உறைவும் கல்லை உரித்துவிடாமல் இருக்க அபர்லெம்னோ கற்களை மரப்பெட்டிகளால் மூடிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஃபார்ஃபரிலிருந்து போய் இறங்கி, நான்கு மணிக்கெல்லாம் இருட்டும் அந்த ஊரில் ஒரு மரப்பெட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மே மாதத்தில் மீண்டும் போனபோது தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் முதியவர் ஒருவர், “பகல் வெளிச்சத்தில் பார்த்து என்ன பயன், அம்மா? இருட்டட்டும்” என்றார். இரவு பத்தரைக்கு டார்ச் விளக்கைக் கல்லின் ஓரத்தில் சாய்த்துப் பிடித்துக் காட்டினார். பகலில் தட்டையாகத் தெரிந்த குதிரைகளின் கடிவாளம்கூட எழுந்து நின்றது. சாய்ந்த வெளிச்சத்தில் பார்க்காத எந்தக் கல்லைப் பற்றியும் எழுதக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். இன்றுவரை அதை மீறவில்லை.

இனி அந்தக் கட்டுரைக்கு வருகிறேன். பீட் தன் நூலில், எக்ஃப்ரித்தின் படை எளிதில் நெருங்க முடியாத மலைகளின் இடுக்குக்குள் இழுக்கப்பட்டு அழிந்தது என்று எழுதுகிறார். டன்னிக்கனில் இருப்பது ஒரு மென்மையான குன்றும் அதைச் சுற்றி வயல்களும். இந்த முரண் எனக்குத் தெரியாமல் இல்லை. என் இயலில் அதற்காக ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தேன்: பீட் அங்கே போனதே இல்லை, தோல்வியைப் பெரிதாக்கிக் காட்ட மலைகளைச் சேர்த்திருப்பார். வாசிக்க நயமாகவே இருந்தது அந்தப் பத்தி. வுல்ஃப் வேறு விதமாகக் கேட்டார்: பீட் சொல்வது உண்மையாகவே இருந்தால்? ஸ்பே ஆற்றின் மேற்பகுதியில், பேடனாக் மலைநாட்டில் டனாக்டன் என்றோர் இடம் இருக்கிறது. அந்தப் பெயரும் டூன் நெக்டனிலிருந்து வந்திருக்கலாம். அங்கே மலைகளும் இடுக்குகளும் இருக்கின்றன.

ஃபோர்ட்ரியு கதையும் இப்படித்தான். ரோமானிய எழுத்தாளர் அம்மியானஸ் 4ஆம் நூற்றாண்டில் ‘வெர்டூரியோனெஸ்’ என்று குறிப்பிடும் மக்களின் பெயரே பிற்காலத்தில் ஃபோர்ட்ரியு ஆயிற்று. அவர்களை ஸ்ட்ராதெர்னில் வைத்த சான்று எது என்று தேடிப் போனால் கிடைப்பது இரண்டு பட்டியல்கள். ஒன்றில் பிக்டுகளின் முதல் தந்தைக்குப் பிறந்த ஏழு மகன்கள்; அவர்களில் ஒருவன் பெயர் ஃபோர்ட்ரென். இன்னொன்று 12ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட நாட்டு வருணனை. அதில் ஏழு நிலப்பகுதிகள், ஒன்று ஸ்ட்ராதெர்னும் மென்டீத்தும் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டு அறிஞர் வில்லியம் ஸ்கீன் போன்றவர்கள் இந்த ஏழு மகன்களையும் அந்த ஏழு நிலப்பகுதிகளையும் பொருத்திப் பார்த்தார்கள். ஸ்ட்ராதெர்ன் பகுதியோடு ஃபோர்ட்ரியுவைச் சேர்த்தார்கள். அந்த வருணனையில் ஃபோர்ட்ரியு என்ற சொல்லே கிடையாது. மறுபுறம், 934ஆம் ஆண்டு ஆங்கிலேய மன்னர் ஏதல்ஸ்டன் படையெடுத்துப் போன எல்லையைச் சொல்லும் டர்ஹம் நகரத்து நூல், டனோட்டர் கோட்டையோடு ‘வெர்டெர்மோரும்’ என்ற இடத்தையும் சொல்கிறது. வெர்டெர் மக்களின், அதாவது வெர்டூரியோனெஸின், மலைநிலம் என்று அதைப் படித்தால் அது கிழக்குக் கடலோரம்வரை நீளும் மவுந்த் மலைத்தொடர். ஃபோர்ட்ரியு அதற்கு வடக்கே.

இவற்றில் எந்த மூலமும் எனக்குப் புதிதல்ல. எல்லாவற்றையும் படித்திருந்தேன். ஆனால் ஃபோர்ட்ரியு ஸ்ட்ராதெர்னில் இருந்தது என்ற வரிக்கு அடிக்குறிப்பாகக் கைநூல் ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கடந்துபோயிருந்தேன். எல்லோரும் அறிந்தது என்று நினைத்ததை நான் ஒரு முறைகூடத் தோண்டிப் பார்க்கவில்லை. இதில்தான் எனக்கு இன்றும் வலிக்கிறது.

அந்த மாலை என் நெறியாளரிடம் போனேன். ஸ்காட்லாந்தில் ஆசிரியரை முதற்பெயர் சொல்லி அழைப்பதே வழக்கம். எனக்கு அது வாயில் வர இரண்டு மாதம் பிடித்தது. அன்று பெயரும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. அவர் ஆறுதல் சொல்லவில்லை. “இயலை அச்செடுங்கள். ஃபோர்ட்ரியு எங்கே இருந்தது என்பதைச் சார்ந்து நிற்கும் பத்திகளுக்குச் சிவப்புக் கோடு. சாராத பத்திகளுக்குப் பச்சைக் கோடு. திங்கட்கிழமை பார்ப்போம்” என்றார். ஞாயிறு இரவு முடித்தபோது பாதிக்கு மேல் பச்சையாக இருந்தது. சிவப்புப் பத்திகளை மட்டும் தனியாகப் படித்தேன். அவற்றில் பெரும்பாலானவை ஒரே குணம் கொண்டவை: மூலம் ஒன்றைச் சொல்ல, அது அப்படிச் சொல்லவில்லை என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் மாணவர்களிடம் நான் வற்புறுத்தும் ஒரே பழக்கம் இதிலிருந்து வந்தது. உங்கள் வாதத்துக்கு இடைஞ்சலான சாட்சியை விலக்குவதற்காக எழுதும் ஒவ்வொரு பத்தியையும் ஓரத்தில் குறியிட்டு வையுங்கள். விலக்குவது தவறல்ல, பீட் தவறியிருக்கவும் கூடும். ஆனால் ஓர் இயலில் அப்படிப்பட்ட குறிகள் மூன்று நான்கு சேர்ந்துவிட்டால் வாதத்தை நிறுத்திவிட்டு அடியில் இருக்கும் எடுகோளைத் தோண்டுங்கள். பிக்டுகளைப் பற்றி நம்மிடம் இருக்கும் சாட்சிகளே சில. அவற்றில் ஒன்றை வாயடைத்துவிட்டு எழுதும் வரலாறு அதிக நாள் நிற்காது.

திருத்தி எழுத ஒன்பது மாதம் ஆயிற்று. உதவித்தொகை முடிந்திருந்தது. மாணவர் விசாவில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்ய அனுமதி உண்டு. மாலையில் நூலகத்தில் புத்தகங்களை அடுக்கும் வேலை பார்த்தேன். ஆய்வு மூன்று ஆண்டில் முடியும் என்று நம்பி வராதீர்கள், நான்காம் ஆண்டுச் செலவுக்கு முன்பே வழி தேடி வையுங்கள். 2008இல் வாய்மொழித் தேர்வு நடந்தது. வெளித்தேர்வாளரின் முதல் கேள்வி, “ஃபோர்ட்ரியு என்று எழுதுகிறீர்களே, அந்த வடிவம் எந்தப் பிரதியில் இருக்கிறது?” ஆண்டுக்குறிப்புகளில் வருவது ஃபோர்ட்ரென் என்ற ஆறாம் வேற்றுமை வடிவம், எழுவாய் வடிவத்தை அறிஞர்கள் மீட்டமைத்தார்கள் என்று சொன்னேன். அதற்கு முந்தைய ஆண்டு கேட்டிருந்தால் தடுமாறியிருப்பேன்.

வேலையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பிக்டு வரலாற்றாசிரியர் தேவை என்று ஒரு விளம்பரத்தையும் நான் பார்த்ததில்லை. ஆரம்ப இடைக்கால பிரிட்டனும் அயர்லாந்தும், அல்லது ஸ்காட்லாந்து வரலாறு, அல்லது கெல்டிக் இயல் என்றுதான் வரும். ஒரு நேர்முகத்தில் பிக்டுகளைப் பற்றி இருபது நிமிடம் உற்சாகமாகப் பேசினேன். குழுவின் தலைவர் வைக்கிங்குகளைப் பற்றி ஒரு பருவப் பாடம் வடிவமைக்கச் சொன்னார். என்னிடம் ஒன்றும் தயாராக இல்லை. அதன்பின் நார்த்தம்பிரியா, வைக்கிங்குகள், அயர்லாந்தின் திருச்சபை என மூன்று பாடத்திட்டங்களை எழுதிக் கையில் வைத்துக்கொண்டேன். இரண்டு ஆண்டுகள் மணிக்கணக்கில் கூலி பெறும் ஆசிரியராக இரு நகரங்களுக்கிடையே ரயிலில் அலைந்தேன். பின்பு ஒன்பது மாத ஒப்பந்தம், அதன்பின் மூன்றாண்டு ஆய்வுநல்கை. நிரந்தரப் பணி 2015இல் கிடைத்தது. 47 விண்ணப்பங்கள். அம்மா ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில், “நிரந்தரம் ஆயிற்றா?” என்று கேட்பார். ஆகவில்லை என்று சொல்லும் வாரங்களைத் தாங்க ஆராய்ச்சிக்கு வெளியே நண்பர்கள் வேண்டும். திறமை இருந்தும் இடையிலேயே போய்விட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் தோற்றவர்கள் அல்லர், இடங்கள் குறைவு. விசா விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், அரசுத் தளத்தில் நேரடியாகப் பாருங்கள்.

தொல்லியலாளர்களோடு நட்பு வைத்துக்கொள்ளுங்கள் என்பதை மட்டும் அழுத்திச் சொல்வேன். என் காலத்தில் புதிய செய்தி பெரும்பாலும் மண்ணிலிருந்தே வந்திருக்கிறது. போர்ட்மஹோமக்கில் மார்ட்டின் கார்வர் தலைமையில் நடந்த அகழாய்வு, பிக்டுகள் தோல் பதப்படுத்தி ஏடு செய்த மடாலயம் ஒன்றைக் காட்டியது. புத்தகமே இல்லாத மக்கள் என்று இனி யாரும் சொல்ல முடியாது. புத்தகங்கள் அழிந்துவிட்டன, அவ்வளவுதான். 1978இல் உழும்போது கோடரி ஏந்திய மனிதன் செதுக்கிய கல் கிடைத்த ரைனி ஊரில், பின்பு கோர்டன் நோபிள் குழு தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. எந்த மூலநூலும் பேசாத ஊர் அது.

2023இல் லண்டின் லிங்க்ஸ், பாலின்டோர் ஆகிய இடங்களின் எலும்புகளிலிருந்து எடுத்த மரபணு ஆய்வு வெளிவந்தபோது, பிக்டுகள் தாய்வழி அரசுரிமை கொண்டவர்கள் என்பது பொய்யா என்று செய்தியாளர்கள் கேட்டார்கள். பீட்டின் வாக்கியத்தை எடுத்துப் படித்துக் காட்டினேன்: ஐயம் எழும்போது பெண்வழியிலிருந்து அரசனைத் தேர்ந்தார்கள் என்கிறார். ‘ஐயம் எழும்போது’ என்ற சொற்களை விட்டுவிட்டுத்தான் நூற்றாண்டுக் கணக்காகத் தாய்வழிச் சமூகம் ஒன்றைக் கட்டியிருக்கிறோம். லண்டின் லிங்க்ஸ் கல்லறையில் ஆராயப்பட்ட ஏழு பேருக்கும் நெருங்கிய தாய்வழி உறவு தெரியவில்லை. ஏழு பேர் ஒரு நாடாகமாட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொன்னேன். இரண்டாவது பாதி அச்சில் வரவில்லை.

என் இப்போதைய மாணவி ஒருவர் டன்னிக்கன் பக்கமே சாய்கிறார். போர் நடந்த இடம் இன்னும் முடிவாகாத கேள்விதான். ஃபோர்ட்ரியு வடக்கே போனதால் போரும் வடக்கே போக வேண்டியதில்லை, பிரிதெய் தன் நாட்டுக்கு வெளியே வந்து எதிரியை மறித்திருக்கலாம் என்கிறார். பீட்டின் மலைகளை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தன் இயலின் ஓரத்தில் போட்டிருந்த குறியைக் காட்டினார். அந்த இயலில் ஒரே ஒரு குறிதான் இருந்தது. அவர் வாதத்தை நான் இன்னும் முழுவதாக ஏற்கவில்லை. இந்தச் சனிக்கிழமை இருவரும் டனாக்டன் போகிறோம். படை ஒன்று அந்த இடுக்குக்குள் எந்த வழியாக வந்திருக்க முடியும் என்று நடந்து பார்க்க வேண்டும் என்கிறார். வரைபடத்தை அவர் கொண்டுவருகிறார்.